டோனர் கணவாயை வெல்வோம், வாருங்கள்!

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் டிசம்பர் மழை கொட்டினால், கிழக்கே சியரா நெவாடா மலையில் பனி கொட்டுகிறது என்று பொருள். டாஹோ ஏரிக்கரையில் வாடகை வீடு பிடித்தாயிற்று. ஏழு பேர் உட்காரும் வேன் வாசலில் நிற்கிறது. நடுவில் ஒரு சின்ன விஷயம்: நெடுஞ்சாலை 80, டோனர் கணவாயில் 7,200 அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. கவலை வேண்டாம். கீழே உள்ள படிகளில் பாதியை நீங்கள் வருடாவருடம் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் கற்றுக்கொண்டால் முழுத் தேர்ச்சி.

1. இருக்கிற டயரை நம்புங்கள். பனிக்கென்று தனி டயர் 1934-லேயே பின்லாந்தில் வந்துவிட்டது. அது பின்லாந்துக்காரர்கள் கவலை. கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும், பனி டயரின் ரப்பர் இளக்கமாகவே இருக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். உங்களுடையது ‘ஆல் சீசன்’. எல்லாப் பருவத்துக்கும் என்று கம்பெனிக்காரனே எழுதிவிட்டான், அப்புறம் என்ன? பக்கவாட்டில் எம்+எஸ் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். கலிபோர்னியாவில் அந்த எழுத்து இருந்தாலே பனி டயர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். சட்டம் ஒப்புக்கொண்டதை ஐஸ் மறுக்கவா போகிறது? மூன்று சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த முத்திரையைத் தேடி அலையாதீர்கள். அது பனியில் ஓட்டிச் சோதித்த டயருக்குத் தருவது.

2. பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்காதீர்கள். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். குனிந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் செலவு.

3. வீட்டில் விடாமல் வற்புறுத்தினால் பனி டயர் வாங்குங்கள், ஆனால் இரண்டு மட்டும். முன்னால் மாட்டுங்கள். இறக்கத்தில் பிரேக் அடித்ததும் முன்பக்கம் சமர்த்தாகப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் உங்களை முந்திப் போகப் பார்க்கும். பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் நெடுநாள் மறக்க மாட்டார்கள்.

4. காற்று, வாஷர் தண்ணீர், வைப்பர்: எதையும் தொடாதீர்கள். குழாய்த் தண்ணீரே ஊற்றியிருக்கிறீர்கள் அல்லவா? அருமை. முன்னால் போகும் லாரி உப்புச்சேற்றை வாரி அடிக்கும்போது பித்தானை அழுத்துங்கள். ஒன்றும் வராது.

5. இப்போது பனியில் வழுக்காமல் இருக்க டயர்மேல் மாட்டும் சங்கிலி. இங்கேதான் நம்மவர்கள் திறமை பளிச்சிடுகிறது. டயரின் பக்கவாட்டில் 235/60 ஆர்17 என்பதுபோல அளவு போட்டிருக்கும். அதைப் படிக்காதீர்கள், கடைக்காரரிடம் “வேனுக்கு ஒரு செட்” என்று கேளுங்கள். வாங்கியதும் டிக்கியில் ஆக அடியில் வையுங்கள். அதன்மேல் ஸ்லெட்டு, அதன்மேல் சூட்கேஸ்கள், அதன்மேல் ரைஸ் குக்கர், கடைசியாகப் புளியோதரை டப்பா. பெட்டியைப் பிரித்துவிடாதீர்கள். பிரிக்காத சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தால் சீசன் முடிவில் காசு தரும் கடைகள் உண்டு. ஒரு பாதுகாப்புக் கருவி பயன்படாமல் திரும்பினால்தான் லாபம் என்றால், அதை எதற்குத் தொட வேண்டும்?

6. ஒத்திகை கூடவே கூடாது. காய்ந்த கராஜில், பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை மாட்டிப் பழகினால் இருபது நிமிடத்தில் பிடிபட்டுவிடும், சுவாரசியம் போய்விடும். முதல் தடவை இரவில், கையுறை இல்லாமல், சாலை ஓரச் சகதியில் மண்டியிட்டுத்தான் மாட்ட வேண்டும். உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கம், பிறகு இறுக்கும் ரப்பர் என்று வரிசை உண்டு. நீங்கள் வெளிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இடியாப்பச் சிக்கல் உறுதி. செயல்முறைக் காணொளியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பீர்கள். மலையில் சிக்னல் இருக்காது.

7. சாலையோரச் சங்கிலிக் கட்டுப்பாட்டுப் பலகையைப் படித்துவிட்டு வாதாடுங்கள். ஆர்-1 என்றால் 6,000 பவுண்டுக்குக் குறைந்த வண்டி, ஓட்டுச்சக்கரங்களில் பனி டயர் இருந்தால் சங்கிலி மாட்டாமல் போகலாம். ஆனால் கையில் வைத்திருக்க வேண்டும். ஆர்-2 என்றால் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு, நாலிலும் பனி டயர் இருந்தால், அதே சலுகை. ஆர்-3 என்றால் விலக்கே கிடையாது. அதைப் போடுவதற்கு முன் பெரும்பாலும் ரோட்டையே மூடிவிடுவார்கள். ஏழு பேரும் ரைஸ் குக்கரும் ஏறிய வேன் 6,000 பவுண்டை எட்டிப் பார்க்கும் என்பதைச் சோதனைச்சாவடியில் நிற்பவரிடம் சொல்லாதீர்கள். “நாலு சக்கரமும் இருக்கிறதே” என்று சொல்லிப் பாருங்கள்.

8. பின்சக்கரத்தில் மாட்டுங்கள். ஊரில் பஸ்ஸும் லாரியும் பின்சக்கரத்தால்தானே தள்ளுகின்றன? மினிவேன்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுப்பவை என்பது ஒரு தகவல் மட்டுமே. இழுக்கிற சக்கரம் வழுக்கும், சங்கிலி மாட்டிய சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

9. ஓரத்தில் எண் போட்ட மேலுடுப்போடு நிற்பவர்கள் கூலிக்குச் சங்கிலி மாட்டிவிடுபவர்கள். நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி பெற்றவர்கள். அவர்களிடம் போய்ச் சங்கிலியையே விலைக்குக் கேளுங்கள். விற்க அவர்களுக்கு அனுமதி இல்லை. இல்லை என்றதும் பேரம் பேசுங்கள்.

10. கொஞ்ச தூரம் போய் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்வார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு எவன் இறங்குவான்? மணிக்கு 25, 30 மைல்தான் வேகம் என்பதும் சங்கிலி மாட்டாதவர்களுக்கு வைத்த விதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

11. ரோடு மூடிவிட்டார்களா? போனில் குறுக்குவழி தேடுங்கள். இதற்கு வரலாற்று ஆதரவே இருக்கிறது. 1845-இல் லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் கலிபோர்னியாவுக்கு வழிகாட்டி நூல் எழுதி, அதில் ஒரு குறுக்குவழியைப் பரிந்துரைத்தார். எழுதியபோது அந்த வழியில் அவர் போனதே இல்லை. அடுத்த ஆண்டு அதை நம்பி வந்த டோனர் குழு நாள்களை இழந்து, தாமதமாக இந்த மலையடிவாரத்தை அடைந்து, பனியில் சிக்கியது. 80-க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் பிழைத்தார்கள். கணவாய்க்கு ஹேஸ்டிங்ஸ் பெயரை வைக்கவில்லை, பாவம். உங்கள் போனும் அவர் வம்சம்தான்: பனி அள்ளாத காட்டுப்பாதையை 14 நிமிடம் மிச்சம் என்று காட்டும். திரும்புங்கள்.

(மாட்டிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கும்போது சைலன்சர் குழாய் பனியில் புதைந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். இதை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். இறங்கிக் குழாயைச் சுற்றித் தோண்டுங்கள். சரி, பாடத்துக்கு வருவோம்.)

12. திரும்பும்போது காய்ந்த ரோடு வந்த பிறகும் கழற்றாதீர்கள். கடகடவென்று ஆபர்ன் வரை வாருங்கள். ஒரு கண்ணி அறுந்து மட்கார்டை விளாசத் தொடங்கும்போது நிறுத்தினால் போதும். ஈரத்தோடு, உப்போடு, அப்படியே பையில் திணித்துக் கராஜ் மூலையில் போடுங்கள். அடுத்த டிசம்பரில் அது ஒரே துருக்கட்டியாக இருக்கும். புதுசு வாங்கப் போவீர்கள். நடுவில் வேனை மாற்றிவிட்டீர்களா? பரவாயில்லை, பழைய அளவிலேயே கேளுங்கள்.