அணிலும் ஏர்கன்னும்

ஆர்.கே.பேட்டையில் கரண்ட் போனால் விசைத்தறிகள் நின்று தெருவே அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் மாடியில் வடகத்தை அணில் கொறிக்கும் சத்தம் கேட்டது. ஏர்கன் வாங்கலாமென்றேன், 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம்.

"ராமர் தடவின முதுகுலயாடா சுடுவே?" என்றார் பாட்டி.

ராமரை விடுங்கள். 2021இல் மின்தடைக்கு அமைச்சர் செந்தில்பாலாஜி சொன்ன காரணங்களில் அணிலும் ஒன்று, கம்பியில் ஓடுகிறதாம். ஊரையே இருட்டாக்கும் பிராணியோடு நானா மோதுவது? தவிர, என் குறிக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தப்பாது. அணில் ஏறவிட்ட நாயாய் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினேன்.

வடகம் இப்போது பழைய கொசுவலைக்குள் காய்கிறது. நேற்று வலையில் ஒரு ஓட்டை.