அசிஸ்டென்ட் என்றால் யாருக்கு?

? என் மகன் அமெரிக்காவில் அசிஸ்டென்ட் புரொபசர். "யாருக்கு அசிஸ்டென்ட்?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்கிறார்.
- ஒரு தாய், கும்பகோணம்

! யாருக்கும் இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். வகுப்பும் ஆராய்ச்சியும் அவர் பொறுப்பு. எடுபிடி வேலை கிடையாது. அங்கே படிகள் மூன்று: அசிஸ்டென்ட் புரொபசர், அசோசியேட் புரொபசர், வெறும் புரொபசர். உச்சிப்படியில் மொட்டைப் பெயருக்குத்தான் மதிப்பு!

? அமெரிக்காவில் 'டென்யூர்' என்பது நம் கவர்மென்ட் வேலை மாதிரியா?
- வாசகர், மதுரை

! கிடைத்த பிறகு ஏறக்குறைய அப்படி. கிடைக்கும்வரை புகுந்த வீட்டு மருமகள் நிலைமை. பொதுவாக ஆறாவது வருடம் பரீட்சை. எழுதியது, பாடம் நடத்தியது எல்லாம் கட்டுக் கட்டாகப் போகும். வெளிப் பல்கலைக்கழகப் பெரியவர்கள் கடிதம் தருவார்கள். துறையின் சீனியர்கள் ஓட்டுப் போடுவார்கள். தேறினால் நாற்காலி நிரந்தரம். தவறினால் பெரும்பாலும் ஒரு வருட அவகாசம், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

? நிரந்தரம் என்றால் தூங்கிவிட மாட்டார்களா?
- வாசகர், ஈரோடு

! சிலர் தூங்குவார்கள். ஆனால் ஏற்பாடு வந்தது வாய் திறப்பதற்காக. 1900-இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் பேசியது பிடிக்காமல், நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்ட் அவரை வெளியேற்ற வைத்தார். ராஸ் பேசியதில் ஆசியக் குடியேறிகள் மேல் வெறுப்பும் இருந்தது. ஆனால் நல்ல பேச்சுக்கு மட்டுமே பாதுகாப்பு என்றால், எது நல்லது என்பதைப் பணம் போட்டவர்தானே தீர்மானிப்பார்? ராஸின் வெளியேற்றத்தை எதிர்த்து ராஜினாமா செய்த சக பேராசிரியர் ஆர்தர் லவ்ஜாய், ஜான் டூயியுடன் சேர்ந்து 1915-இல் பேராசிரியர் சங்கம் கண்டார். சோதனைக் காலம் 7 வருடத்தைத் தாண்டக் கூடாது என்றது அச்சங்கத்தின் 1940 அறிக்கை.

? பதவிகளிலேயே பரிதாபமானது எது?
- வாசகி, நாகர்கோவில்

! ஜெர்மனியின் 'பிரிவாட்டோட்சென்ட்'. பாடம் நடத்த உரிமை உண்டு, சம்பளம் கிடையாது. அந்தக் காலத்தில் மாணவர்கள் கொடுத்த கட்டணம்தான் வரும்படி. தத்துவ மேதை இம்மானுவேல் கான்ட் 1755 முதல் 1770 வரை இந்தப் பதவியில்தான் காத்திருந்தார்.

? நம் பல்கலைக்கழகங்களில் 'ரீடர்' பதவி எங்கே போயிற்று?
- வாசகர், சிதம்பரம்

! ஆறாவது ஊதியக்குழு காலத்துப் பெயர் மாற்றத்தில் அசோசியேட் புரொபசர் ஆகிவிட்டது. ரீடர்கள் குறைந்தது பத்திரிகைகளுக்கு மட்டுமல்ல!

? பத்து வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் எங்கே?
- பெயர் வேண்டாம், திருவண்ணாமலை

! பெயரில் இருக்கிறது, பணி ஆணையில் இல்லை. அமெரிக்காவில் உங்கள் பங்காளிக்கு 'அட்ஜங்க்ட்' என்று பெயர்: பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி, செமஸ்டருக்கு செமஸ்டர் கவலை. அங்கும் வகுப்பெடுப்பவர்களில் டென்யூரோ அதற்கான வரிசையோ இல்லாதவர்களே அதிகம். மாணவனுக்கு எல்லோரும் 'சார்'தான். வித்தியாசம் மே மாதச் சம்பளத்தில் தெரியும்.

? பல்கலைக்கழகம் தராத பேராசிரியர் பட்டம் செல்லுமா?
- வாசகர், தஞ்சாவூர்

! தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய ஒருவருக்குப் பெயரே பேராசிரியர். குழுவும் கூடவில்லை, ஆணையும் வரவில்லை. பல நூற்றாண்டாக அவரை அந்த நாற்காலியிலிருந்து யாரும் எழுப்பவில்லை. டென்யூர் என்றால் அதுதான் ஐயா!