போடிமெட்டு ஜீப்பியல்: ஓர் அறிமுக ஆய்வு

கீழடியில் தோண்டினால் பானை ஓடு கிடைக்கும்; போடிநாயக்கனூர் டீக்கடையில் வாயைத் திறந்தால் ஜீப் வரலாறு கிடைக்கும். எந்தப் பல்கலைக்கழகமும் துறை தொடங்க முன்வராததால், ஜீப்பியல் என்னும் அறிவுப்புலம் பெஞ்சிலேயே வளர்ந்து வருகிறது. கருத்தரங்க நேரம் விடியற்காலை. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு வந்து ஏறி, வண்டி நிறையும் வரைதான் அவகாசம். நிறைந்துவிட்டால், தலைமையுரை பாதியில் நின்றாலும் டிரைவர் கிளம்பிவிடுவார். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியாக வேண்டும்.

இத்துறையில் மூத்தது செவிவழி மரபு. இம்மரபினர் வண்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே, போவது ‘பீஜோ’ என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார்கள். மகிந்திரா எம்எம்540-இல் வந்த அந்த பீஜோ டீசல் எஞ்சினுக்கு எக்ஸ்டிபி 4.90 என்று பெயர். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் 83 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். பெருக்கினால் 2112 சிசி. இதை மனக்கணக்காகவே போட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. அவர்களே வடைக் கணக்கில் மட்டும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள் என்பது கடைக்காரரின் மாற்றுக் கருத்து.

இரண்டாவது, முகவியல் மரபு. பழைய சிஜே-3பி ஏன் நெற்றியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பது இவர்கள் புதியவர்களிடம் வைக்கும் நுழைவுத் தேர்வு. விடை: அதிலிருந்த ‘ஹரிக்கேன்’ எஞ்சினில் காற்றை உள்ளே இழுக்கும் வால்வை மேலே ஏற்றி வைத்தார்கள், எஞ்சின் உயர்ந்தது, பானெட்டும் உயர வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1953-இல் வந்த அந்த வண்டியின் தயாரிப்பு 1968-இல் நின்றது. ஜப்பானில் மிட்சுபிஷி அதன் வம்சத்தை 1998 வரை இழுத்தது. நம்மூரில் அது அமெரிக்காவைக் கடந்தும் பல காலம் மலையேறியது.

முகப்பில் எத்தனை பிளவு என்பது அடுத்த வழக்கு. போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது, 1945-இல் வந்த சிவிலியன் வண்டிக்கு ஏழு. இந்த முகச் சாயல் பின்னாளில் நிஜமாகவே வழக்காகிவிட்டது. மகிந்திரா 2018-இல் அமெரிக்காவில் ‘ராக்ஸர்’ என்ற வண்டியை இறக்க, ஜீப்பின் தோற்றத்தைக் காப்பியடித்திருக்கிறது என்று ஃபியட் கிரைஸ்லர் புகார் கொடுத்தது. 2020-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அந்த வடிவத்துக்குத் தடை போட்டது. மகிந்திரா மூஞ்சியை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தது. இவ்வளவு பெரிய வழக்கில் போடியிலிருந்து ஒரு வல்லுநரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

உபரித் தகவல்கள் ஏராளம். போர்க்கால ஜீப்பின் ஹெட்லைட்டைக் கழற்றாமலே பின்பக்கம் திருப்பி, ராத்திரியில் எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டலாம். ஃபோர்டு செய்த ஜீப்பில் போல்ட்டின் தலையில்கூட ‘எஃப்’ எழுத்து இருக்கும். இன்னொன்று, கேட்டவர் டீயைக் கீழே வைத்துவிடும் தகவல்: 1945-இல் தொடங்கியபோது மகிந்திரா கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் முகமது. அந்த முகமது, மாலிக் குலாம் முகமது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார்.

இருக்கையியலில் மட்டும் ஆய்வு தடுமாறுகிறது. ஆர்சி புக்கில் ஒரு எண், வண்டிக்குள் வேறொரு எண். “அக்கா, கொஞ்சம் நெருக்கி உக்காருங்க” என்ற ஒரே வாக்கியம் ஜீப்பின் கொள்ளளவை விரித்துவிடுகிறது. அளவுக்கு மீறி ஆளேற்றிய வண்டிகள் மலைப்பாதையில் உருண்டு உயிர்கள் போயிருக்கின்றன. இந்தத் தலைப்பு வந்தால் பெஞ்சில் யாரும் சிரிப்பதில்லை. ஆய்வும் இங்கே பகடியைத் தொடரப் போவதில்லை.

ஜீப்பெல்லாம் நேற்று வந்தது, விசித்திர வண்டி பார்க்க வேண்டுமானால் குண்டளைக்குப் போ என்று ஒதுங்கி உட்கார்ந்து சொல்கிற ஒரு பெரியவர் எல்லாக் கடையிலும் இருப்பார். அவர் சொல்வதில் நியாயமிருக்கிறது. 1902-இல் மூணாறு பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல்; சாயாமலிருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில். யூயிங் என்பவரின் முறை. இழுத்தது எஞ்சின் அல்ல, மாடு. டாப் ஸ்டேஷன் வரை இப்படி வந்த தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வந்து சேர்ந்தது. 1908-இல் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். 1924 வெள்ளம் அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது.

இதே முறையில் 1907-இல் தொடங்கிய பாட்டியாலா ரயிலின் எஞ்சின் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். குண்டளைதான் ஐந்து வருஷம் மூத்தது என்பதைப் பெரியவர் எக்காலத்திலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ‘குண்டளை கேரளாவில்ல இருக்கு?’ என்று யாராவது குறுக்கே கேட்டால், தேயிலைப் பெட்டி எந்த ஊரில் வந்து இறங்கியது என்று எதிர்க்கேள்வி போடுவார்.