இயங்காத் துளை: ஓர் இலக்கண ஆய்வு

படம் பதியும் செட்டாப் பெட்டியின் முதுகை யாரும் பார்ப்பதில்லை, ஒட்டடை அடிக்கும் நாளைத் தவிர. டிஷ் வயருக்கும் கரண்ட் வயருக்கும் நடுவே அங்கே ஒரு யூ.எஸ்.பி. துளை இருக்கும். பெட்டியோடு வந்த கையேடு அதைப் பற்றி ஒரே வரிதான் சொல்லும்: 'எதிர்காலப் பயன்பாட்டுக்கு.' இவ்வாய்வின் எல்லை அந்தத் துளையே.

முதலில் பெயர். 'இயங்காத துளை' என்பதில் 'இயங்காத' எதிர்மறைப் பெயரெச்சம். ஈறு கெட்டால் 'இயங்காத் துளை', ஒற்று மிகும். எங்கள் பெட்டி வந்த ஐந்தாண்டில் அந்தத் துளைக்குப் புதிதாகக் கிடைத்த வசதி அந்த ஒரு 'த்' மட்டுமே. தவிர, எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. நேற்று, இன்று, நாளை மூன்றுக்கும் பொது. நிறுவனம் எதிர்காலம் என்கிறது. இலக்கணம் அதற்கு உடன்படவில்லை.

இனி வரலாறு. ஜேவிசி நிறுவனம் 1976-ல் ஜப்பானில் முதல் விஎச்எஸ் வீடியோ டெக்கை விற்ற நாளிலிருந்தே இயங்கா வசதிகளும் உண்டு. எண்பதுகளில் டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட நம் வீடுகளில், சிவப்பு ரெக்கார்டு பொத்தானைத் தொட்ட கை அபூர்வம். நேரம் குறித்து வைத்துப் பதியும் வசதியும் இருந்தது. அதற்கு முதலில் டெக்கின் கடிகாரம் ஓட வேண்டும். கரண்ட் போய் வந்த டெக்கில் 12:00 மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருத்தத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

இயங்கா வசதியை இயக்கும் மென்பொருள் புதுப்பிப்பு என்பது பிற்காலத்துச் சரக்கு என்பார் உளர். அது பொருந்தாது. விஎச்எஸ் கேசட்டின் முதுகு ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒன்று உண்டு. அதை உடைத்துவிட்டால் அந்த கேசட்டின் மேல் எதையும் பதிய முடியாது. உடைந்த குழியின் மேல் செல்லோ டேப் ஒரு துண்டு ஒட்டினால் மறுபடி பதியும். செயலிழந்த வசதியை உயிர்ப்பித்த முதல் புதுப்பிப்பு அந்த டேப்தான் என்பது இவ்வாய்வின் துணிபு. மாமாவின் கல்யாண கேசட்டில் முகூர்த்த நேரத்தில் கிரிக்கெட் மேட்ச் ஓடுவதே சான்று.

இன்றைய புதுப்பிப்பு செயற்கைக்கோளிலிருந்து இறங்குகிறது. ஒரே கோப்பு ராட்டினம் போலத் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். பெட்டி தன் முறை வரும்போது தாவி ஏறிக்கொள்ளும். 'அணைக்காதீர்கள்' என்று திரை கெஞ்சும். எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் சில பெட்டிகள் செங்கல்லாகிவிடும். அதற்கு அஞ்சியே, நல்ல பெட்டிகளில் பழைய மென்பொருளின் பிரதி ஒன்றையும் உள்ளே வைத்திருப்பார்கள்.

அற்றேல், துளை ஒருநாளும் விழிக்காதா? விழிக்கும். பிரிட்டனில் 2006-ல் வந்த ஸ்கை எச்டி பெட்டிகளில் ஈதர்நெட் துளை சும்மாவே இருந்தது. 2010-ல்தான், கேட்ட படத்தை இணையம் வழியே இறக்கும் சேவைக்காக, அதற்கு வேலை வந்தது. நான்கு ஆண்டு என்பது துளைகளின் கணக்கில் சற்று அவசரம்தான்.

எங்கள் வீட்டுத் துளைக்கு வருவோம். மென்பொருள் தூங்கினாலும் அதில் ஐந்து வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்தவர் அம்மா. டிவிக்கு மேலிருக்கும் முருகன் படத்துக்கு யூ.எஸ்.பி. சீரியல் விளக்கு ஒன்று வாங்கிச் செருகிவிட்டார். பெட்டி அணைந்திருந்தாலும் விளக்கு எரிந்தது.

போன தையில் ஒரு காலை, திரையில் அறிவிப்பு: இனி பென்டிரைவில் பதியலாம். பதிந்தது இந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். கூடவே மின்சார சேமிப்பு என்று ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். பெட்டியை அணைத்தால் துளையும் அணையும்.

அம்மா வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டார். "தம்பி, விளக்கு நல்லாத்தான் எரிஞ்சுட்டு இருந்துச்சு. ராத்திரி நீங்க ஏதோ பண்ணிட்டீங்க. பழையபடி ஆக்கிக் குடுங்க."

"பெட்டிய ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா."

"ஆன் பண்ணா எரியுதுப்பா."

அன்றிலிருந்து முருகனுக்காகப் பெட்டி இரவும் பகலும் ஓடுகிறது. எதையும் பதிவதில்லை.