ஆயாக் கொட்டகையும் செம்பனைக் கன்றும்: ஒரு கணக்கியல் ஆராய்ச்சி

கோல சிலாங்கூர், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையை நினைத்து உருகுவோர் பலர். அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியை மட்டும் கணக்கெழுதும் கிராணிமாரிடமே விட்டுவிட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா) அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட ஆன்றி ஃபொக்கோனியேகூட, நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசு வாங்கினாரே ஒழிய, இந்தச் செலவுக் கணக்கைத் தொடவில்லை. பேரிழப்பு.

செம்பனைக் குலை வெட்டுகிறவர் காசு கொண்டுவருகிறார். ஆபீஸ், பட்டறை, ஆயாக் கொட்டகை மூன்றும் குலை வெட்டுவதில்லை. ஆகவே அவற்றின் செலவு குலைமேல் ஏற வேண்டும். நேரடி முறைக்காரர்கள் ஒரே மூச்சில் ஏற்றிவிடுவார்கள். பட்டறைக்காரர் ஆபீஸ் காற்றாடியைப் பழுதுபார்ப்பதும், கிராணி பட்டறைக்குச் செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேடு எழுதுவதும் அவர்கள் கண்ணில் படாது. படிமுறைக்காரர்களுக்கு ஒரு கண் மட்டும் தெரியும்: ஒருவர் மற்றவருக்குச் செய்வதைப் பார்ப்பார்கள், திரும்பச் செய்வதைப் பார்க்கமாட்டார்கள்.

பரஸ்பர முறைதான் முழுப் பார்வை. ஆபீஸின் சொந்தச் செலவு 9,000 வெள்ளி, பட்டறையினுடையது 2,000 என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் உழைப்பில் 20 விழுக்காடு பட்டறைக்கு. பட்டறை உழைப்பில் 25 விழுக்காடு ஆபீசுக்கு. சமன்பாடு போட்டால் ஆபீஸ் 10,000, பட்டறை 4,000. செலவழித்ததோ மொத்தமே 11,000! கூடுதல் 3,000 வெள்ளி, இருவரும் ஒருவர் தலையில் மற்றவர் எழுதிக்கொண்டது. குலை வெட்டும் காட்டுக்கு அனுப்பும்போது 8,000, 3,000 என்று ஒழுங்காக 11,000தான் போகும். கம்போங் குவாந்தான் மின்மினிபோல் மின்னி அணைகிற அந்தப் பணத்தைப் பார்க்கப் படகுக் கட்டணம் கிடையாது.

ஆயாக் கொட்டகைச் செலவை எப்படிப் பிரிப்பது? ஆள் கணக்கு என்றால் கல்யாணமாகாத வெட்டாள் சண்டைக்கு வருவார். பிள்ளைக் கணக்கு என்றால், நாலு பிள்ளை பெற்ற மெக்கானிக்கால் டிராக்டர் பழுதுச் செலவு ஏறிவிடும். எனவே பொதுச் செலவுகளோடு சேர்த்துப் பரப்பளவுப்படி பிரிப்பதே சௌகரியம். நிலம் வாதாட வராது.

சூட்சுமம் இங்கேதான். காய்க்கிற மரத்தின்மேல் விழும் செலவு அந்த ஆண்டு லாபத்தைத் தின்னும். ஏறக்குறைய மூன்று வயதுவரை வெட்டுக்கு வராத கன்றின்மேல் விழுந்தாலோ, அது ஐந்தொகையில் சொத்தாக உட்கார்ந்துகொள்ளும். மறுநடவு மிகுந்த ஆண்டில் ஆயாவின் தாலாட்டில் கணிசமான பகுதி தோட்டத்தின் நிலைச்சொத்து. ஆயாவும் பெரும்பாலும் சின்னதுகளையே வளர்ப்பவர் என்பதால் இதில் தத்துவப் பிழை ஏதுமில்லை. கன்றுகள் அழுததாகச் செக்ரோலில் பதிவில்லை என்று தணிக்கையாளர் கேட்டால் மட்டும் பெரிய கிராணி பதில் சொல்லிக்கொள்ளட்டும்.