வாடிக்கு ஒரு வீடு

சொறி நாயைக் குணப்படுத்துவது பெரிய வித்தை இல்லை. டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். எட்டுக் கால்களோடு ஒரு பொடிப்பூச்சி நெளியும். ஐவர்மெக்டின் தருவார். அந்தப் பூச்சியில் ஒரு வகை நாயோடு நின்றுவிடும், இன்னொன்று மனிதர் மேலும் ஏறும். எங்களுக்கு வாய்த்தது ஏறுகிற வகை. நாயும் நானும் வாசல்படியில் எதிரெதிரே உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்த நாட்களில், இவர்களில் யாரைத் தத்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று நங்கநல்லூரே குழம்பியிருக்கும்.

"பேர் வைக்காதீங்க, வெச்சா இங்கேயே தங்கிடும்" என்று மனைவி எச்சரித்திருந்தாள். வைக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் அவளே "வாடி" என்று கூப்பிட்டுப் பழக்க, நாய் அதையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. ஒரு ராத்திரி தெருவில் நின்று "வாடி! வாடி!" என்று கத்தினேன். கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் அன்றோடு என்னிடம் பேசுவதில்லை.

முடி முளைத்த பிறகுதான் நிறம் பழுப்பு என்றே தெரிந்தது. ரேபிஸ் ஊசி, கருத்தடை எல்லாம் முடித்து வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். முதலில் கூப்பிட்டவர், "என்ன ஜாதி?" என்றார். மனிதரிடம் சுற்றிவளைத்துக் கேட்பதை நாய் விஷயத்தில் நேராகவே கேட்டுவிடுகிறார்கள். "கொஞ்சம் சிப்பிப்பாறை கலந்திருக்கலாம்" என்றேன் வாய்கூசாமல். ஒட்டிய வயிறு சிப்பிப்பாறை லட்சணம். வாடிக்கு வயிறு ஒட்டியிருந்தது பட்டினியால். அவர் பார்க்க வருவதற்குள் முட்டையும் தயிர்சாதமும் அந்தப் பரம்பரையை அழித்துவிட்டன.

சனி தோஷத்துக்குக் கறுப்பு நாய் தேடியவர், "டை அடிச்சா செல்லுமான்னு ஜோசியர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். இன்னொருவர் காது வெட்டைப் பார்த்து, "டேமேஜ் பீஸா இருக்கே, ரேட்டைக் குறைப்பீங்களா?" என்றார். இலவசம்தான் ஐயா, கருத்தடை ஆனதற்கு அடையாளமாக வைப்பது அந்த வெட்டு. "பெட்டையா? குட்டி போட்டுத் தொலைக்குமே" என்றவரிடம், இனிமேல் போடாது என்று விளக்கினேன். "அப்புறம் எதுக்கு சார் அது?" என்றார். தெருநாய்க் கருத்தடையை ப்ளூ கிராஸ் இந்த ஊரில் 1964-லேயே ஆரம்பித்துவிட்டது. சேதி எங்கள் பக்கம் வரப் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

வருகிறவர்களை வடிகட்ட ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். சொந்த வீடா? காம்பவுண்டுச் சுவர் உண்டா? பகலில் ஆள் இருப்பார்களா? தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடினால் தேடுவீர்களா? கோபம் வருமா? பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி வீட்டில்கூட இவ்வளவு கேட்டதில்லை. மனைவி தாளை வாங்கி, மேலே என் பெயரை எழுதி, எனக்கே மார்க் போட்டாள். வாடகை வீடு. சுவர் கிடையாது. பகலில் ஆபீஸ். கடைசிக் கேள்விக்கு நான் விருட்டென்று எழுந்து போனதையே விடையாக எடுத்துக்கொண்டாள். நான் ஃபெயில்.

வாடி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரும் அவர் சம்சாரமும் போட்ட பொறையில் மயங்கி, வேப்பமரத்தடிக்கே குடிபோயிருந்தாள். அங்கும் தாளை நீட்டினேன்.

"பகல்ல ஆளா? நாங்க எங்க சார் போகப்போறோம்?" என்றார் அந்த அம்மா, பெட்டியில் கரி அள்ளிப் போட்டபடி.

"ராத்திரி?"

"புள்ளைங்களோடதான் தூங்குது. நேத்து நீங்கதான் கவனிக்கல."

வருஷா வருஷம் ஊசிச் செலவு என்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வாடி என்னைப் பார்த்து வாலை ஒருதரம் ஆட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"துணி இருந்தா குடுங்க சார். சும்மா நின்னா வர்ற கிராக்கி நீங்க முன்னாடின்னு நெனச்சுப் போயிடுது" என்றார் வண்டிக்காரர்.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் பனியன், லுங்கி, துண்டு எல்லாமே இஸ்திரி. நேற்று கரித்துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவி பிடுங்கி வைத்துக்கொண்டாள். இன்று மிதியடியை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.