பேரனுக்கு விசா, மலைக்குப் பாஸ்

என்ன மாப்ளே, அமெரிக்காவுல பொறந்த பேரன் கொடைக்கானல் மலைமேல நம்ம பூம்பாறைக்கு வர்றானாமே! ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டுத் திரியிற. அவன்கிட்ட இருக்குறது அமெரிக்கா பாஸ்போர்ட்டு. மூக்கும் முழியும் உன்னைய மாதிரியே இருந்தாலும் விசா இல்லாம ஏர்போர்ட்டுல விடமாட்டான்.

ஏஜென்ட்டுக்குப் பணத்தை அழுவாத. கவர்மென்ட்டு சைட்டுலயே இ-விசா போடலாம். அட்ரஸ் கடைசியில ஜிஓவி டாட் இன்னு இருக்கான்னு மட்டும் பாரு, டூப்ளிகேட் கடை நெறைய தொறந்து வச்சிருக்கானுக. பாஸ்போர்ட்டு ஆறு மாசத்துக்காவது செல்லணும். போட்டோவுக்குப் பின்னால வெள்ளையா இருக்கணும். குழந்தை வேலப்பர் கோயில்ல மொட்டையடிச்சு மாலையோட எடுத்தியே, அது வேலைக்காவாது.

ஃபாரம் இருக்கே, பொண்ணு பாக்க வந்த வீட்டுக் கெழவி தோத்துப்போவா. ஒடம்புல மச்சம் எங்க, பத்து வருசத்துல எந்தெந்த நாடு போன, அம்மா பொறந்த ஊரு எது... அதோட நிக்கல. தாத்தா பாட்டி யாராச்சும் பாகிஸ்தான்காரங்களான்னு ஒரு கேள்வி. அந்தத் தாத்தா நீதான்யா! வத்தலக்குண்டு சந்தையைத் தாண்டுனாலே பொண்டாட்டி போன் போட்டுத் தேடுவா, உன்னையப் போயி!

இந்தியாவுல தெரிஞ்ச ஆளுன்னு உன் பேரும் போன் நம்பரும் அதுல ஏறும். ஆபீசர் கூப்பிட்டா, யாவாரின்னு நெனச்சு பூண்டு வெலை பேச ஆரம்பிச்சிடாத.

பய வந்து எறங்குனதும் கெடா வெட்டணும்னு நிப்ப. மொதல்ல, வெளிநாட்டு ஆளு என் வீட்டுல தங்கியிருக்கான்னு 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல எழுதிப் போடு. முன்னெல்லாம் சி ஃபார்ம்பாங்க. அது லாட்ஜ்காரனுக்கு மட்டுமில்ல, வீட்டுல வச்சுச் சோறு போடுற தாத்தனுக்கும் சேத்துத்தான்.

சரி, டெல்லி விட்டுட்டான். மலை விடணுமே? ஹைகோர்ட்டு சொல்லி 2024 மே 7-லேருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ். 2025 சீசனுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 6,000-னு கணக்கே போட்டுட்டாங்க. உனக்கும் எனக்கும் பாஸ் வேணாம், உள்ளூரு. அவன் டாக்ஸியில வந்தா வேணும். 'இந்த மலைக்காரன் பேரன்'னு டிக் அடிக்க அதுல எடமில்ல. வெளிநாட்டுக்காரன்னு ஈமெயில் குடுத்துத்தான் பதியணும். 1845-ல டோலியில ஏறி வந்து பங்களா கட்டுன அமெரிக்கப் பாதிரிமாரு எந்த ஈமெயில் குடுத்தாங்கன்னு என்னையக் கேக்காத.

என் பேச்சைக் கேட்டா, வத்தலக்குண்டுல கவர்மென்ட்டு பஸ்ஸுல ஏத்திவிட்டுடு. அதுல வந்தா பாஸ் வேணாம். வளைவுல கொமட்டும், கையில எலுமிச்சம்பழம் குடு. தண்ணியை மட்டும் செம்பு கிம்புல ஊத்திக் குடு. பிளாஸ்டிக் பாட்டிலோட மாட்டுனா ஒன்னுக்கு 20 ரூவா. நீ அதுக்கும் எங்கிட்டத்தான் கடன் கேப்ப.